சாயங்காலக் கால்

காலையில் கடை திறந்ததும் செருப்பு கேட்டு வருகிறவர்களை, அவசரம் இல்லையென்றால், சாயங்காலம் வரச் சொல்வது என் வழக்கம். சித்திரை, வைகாசியில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். இரவெல்லாம் நீட்டிப் படுத்திருந்த கால் காலையில் வற்றியிருக்கும். பகல் முழுக்க நின்று நடந்து, வேலூர் வெயிலில் வெந்து வந்தபின் பார்த்தால் அதே கால் உப்பி, விரல்கள் அகன்று, வேறு ஆளுடையதோ என்று தோன்றும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, நிற்க நிற்க நீர் கீழே இறங்குகிறது; உடம்பின் இயல்பு அது. காலையில் கச்சிதமாக உட்கார்ந்த ஏழாம் நம்பர், நாலு மணிக்குச் சுண்டுவிரலை நெரிக்கும். அக்னி நட்சத்திரம் ஓடுகிற மே மாதத்தில் செருப்பு வாங்க வேண்டியது அந்த நாலு மணிக் காலுக்குத்தான்.

லாங் பஜாரிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் சின்னப் பட்டறை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதால் கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்களும் எங்கள் படி ஏறுவார்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கேட்பது இரண்டுதான். மெத்தென்று இருக்க வேண்டும், பார்க்க நன்றாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டே பலர் வருகிறார்கள். வயதானவர்கள் சுகத்தைக் கேட்டு அழகைக் கைவிடுகிறார்கள், இளவட்டங்கள் அழகை எடுத்துக்கொண்டு குதிகால் தோலை உரித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருமே கைவிட வேண்டியதில்லை என்று காட்டுவதைத்தான் நான் என் தொழிலாக நினைக்கிறேன்.

உட்கார்ந்தபடி நீட்டுகிற காலை நான் அளப்பதில்லை. காகிதத்தை விரித்து, அதன்மேல் உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைவேன். இரண்டு காலையும் வரைய வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு. பெரிய காலுக்குத்தான் செருப்பு. மெட்டி போட்ட பெண்களுக்கு மெட்டியோடேயே வரைவேன். உப்பிய விரலில் மெட்டி இறுகும், பக்கத்து விரலைத் தள்ளும், வாரின் தையலில் மாட்டி நூலை அறுக்கும். பெண்கள் செருப்பு செய்கிற பல பேருக்கு மெட்டி என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை என்பதை, ரிப்பேருக்கு வருகிற வார்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

நம்பர் என்பது நீளத்தின் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் சுமாருக்கு. அகலத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்து ஆட்களின் தொந்தரவெல்லாம் அகலத்தில்தான் இருக்கிறது. சின்ன வயதில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். அப்படிப்பட்டவர் பக்கவாட்டில் இறுக்குகிறது என்று ஒரு நம்பர் கூட்டி வாங்குவார். அகலம் கிடைத்துவிடும், ஆனால் நீளம் மிஞ்சி, குதிகால் வழுக்கும். வழுக்காமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கிச் செருப்பைக் கவ்வும். நாள் முழுக்க அப்படிக் கவ்விக்கொண்டே நடந்தால் சாயங்காலம் கெண்டைக்கால் வரைக்கும் வலிக்காமல் என்ன செய்யும்?

இதற்கு வேர் கட்டையில் இருக்கிறது. செருப்போ ஷூவோ, அதைக் காலின் வடிவத்தில் உள்ள ஒரு கட்டைமேல் இழுத்துப் பொருத்தித்தான் செய்ய வேண்டும். முன்பு மரத்தில் இருந்தது, இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் ஓடுகிற கட்டைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக் கால்களுக்காகச் செதுக்கப்பட்டவை. ஏற்றுமதிக்கு அது சரி. அதே கட்டையில் உள்ளூர் மார்க்கெட்டுக்கும் ஷூ இறங்கும்போதுதான் நம் சுண்டுவிரல் அவதிப்படுகிறது. சென்னை அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. நம் கால்கள் அகலம் என்பது அதில் உறுதியானது. 'பா' என்று பெயரிட்டு இந்தியாவுக்கென்று ஒரு அளவு முறையையும் முன்வைத்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வந்து, கட்டைகள் அதன்படி மாறினால், அழகான செருப்பில் பாதிக்கு மேல் தானாகவே சுகமான செருப்பாகிவிடும் என்று நம்புகிறேன். அதுவரை எங்கள் பட்டறையில் கட்டையின் முன்பக்க ஓரத்தில் தோல் துண்டுகளை ஒட்டி, சீவி, அகலப்படுத்திக்கொள்கிறோம்.

வெயில் காலத்துக்கு எந்தப் பொருள் நல்லது என்று கேட்காதவர்கள் இல்லை. காற்று 40 டிகிரி என்றால் தார் ரோடு 60-ஐ எட்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதியின் கனம். பெண் பிள்ளைகள் ஆசையாக வாங்குகிற மெல்லிய, தட்டையான செருப்புகளைப் பற்றி எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. குதி உயரம் இல்லை, அதனால் இது காலுக்கு நல்லது என்று எண்ணி வாங்குகிறார்கள். நாலைந்து மில்லிமீட்டர் அடியில் ரோட்டுச் சூடு அப்படியே ஏறும். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் தரையில் மோதும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று வலிக்கிறது என்று வருகிறவர்கள் காலில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன். குதிப்பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்து, முன்பக்கமும் அரை அங்குலம் கனமாக உள்ள செருப்பு இதைவிட எவ்வளவோ மேல். அது பார்ப்பதற்கும் எடுப்பாக இருக்கும்.

அளவுக்கு மீறிய மெத்தையும் ஏமாற்றும். கடையில் போட்டு நாலு எட்டு வைத்ததும் மேகத்தில் நடப்பதுபோல் இருக்கும். அரை மணி நேரத்தில் அந்த நுரை உடம்புப் பாரத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும், பிறகு அது மெத்தையும் இல்லை, தாங்கலும் இல்லை. நான் வாடிக்கையாளர்களை வெளியே சந்தில் இறங்கிக் கோடிவரை போய் வரச் சொல்வேன். கூச்சப்படுவார்கள். "பரவாயில்லம்மா, போய்ட்டு வாங்க, அழுக்கானா நான் துடைச்சுக்கறேன்" என்பேன்.

இவா என்று சொல்கிற நுரைச் செருப்பு எடை குறைவு, மழைக்கும் வெயிலுக்கும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், விலையும் கம்மி. ஆனால் சூட்டில் சுருங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ மொட்டைமாடியிலோ விட்டுவிட்டு, செருப்பு சின்னதாகிவிட்டது என்று திரும்பக் கொண்டுவருவார்கள், உண்மையிலேயே சின்னதாகியிருக்கும். பி.யூ. என்கிற பாலியூரித்தேன் அடிக்கு எதிரி காற்றின் ஈரம். விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று பெட்டியில் பத்திரப்படுத்திய செருப்பை மூன்று நாலு வருஷம் கழித்து எடுத்தால் அடி மாவாக உதிரும். போடாமல் வைத்ததுதானே என்று வருந்துவார்கள். ஈரம் அதன் உள்ளிணைப்பை மெல்ல மெல்ல அறுத்திருக்கும். அது போடப் போட உழைக்கும் பொருள், பூட்டி வைக்கக் கூடாது. பசை மட்டும் வைத்து ஒட்டிய அடிகள் மே மாதத்தில்தான் அதிகமாக வாய் பிளக்கும், சூட்டில் பசை இளகுவதால். விளிம்பைச் சுற்றி ஒரு தையல் ஓடியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அந்தத் தையலுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

உள்ளங்கால் படுகிற இடத்தில் மட்டுமாவது தோல் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மேலே ரெக்சின் இருக்கட்டும், துணி இருக்கட்டும். உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. அந்த வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கழற்றிய பிறகு மெல்ல வெளியே விடக்கூடியது தாவரச் சாற்றில் பதனிட்ட தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக லண்டன் போனது. ஈ.ஐ. லெதர் என்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இப்போது பட்டைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் மரத்தின் சாறு வருகிறது. தோலின் குணம் அதேதான். குரோமில் பதனிட்ட தோல் வளையும், சாயம் பிடிக்கும், மேல்பாகத்துக்கு ஏற்றது. காலுக்கு அடியில் எனக்கு அந்தப் பழுப்புத் தோல்தான் வேண்டும். முதல் வாரம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பிறகு அந்த ஆளின் விரல்களுக்குத் தகுந்தபடி குழிந்து கொடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை: தினமும் அதையே போடக் கூடாது. ஒரு நாள் போட்டால் மறுநாள் காய விட வேண்டும். இரண்டு ஜோடி வாங்கி மாற்றிப் போடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து உழைக்கிற காலம், தனித்தனியாக வாங்கித் தேய்ப்பதைவிட அதிகம்.

இனி அழகைப் பற்றி. சுகத்தை விட்டுவிட்டு ஸ்டைல் கேட்கிறார்களே என்று கடைக்காரர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிச் சலிப்பு வந்ததில்லை. என் தாத்தா குடியாத்தத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் செருப்புத் தைத்தவர். அவர் தைத்த செருப்பை ஊர்த்தெருவில் மற்றவர்கள் போட்டு நடந்தார்கள். அந்தத் தெருவுக்குள் நுழையும்போது அவர் தன்னுடையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலிலும் அதே சட்டம்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்த கொடுமை இது, அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. அந்த வழியில் வந்த எனக்கு, இன்டர்வியூவுக்குப் போகிற ஒரு பையன் பளபளக்கிற ஷூ கேட்டால் அது வீண் ஆசையாகத் தெரியாது. நாலு பேர் நடுவில் தலைநிமிர்ந்து நிற்க அவனுக்கு அது வேண்டியிருக்கிறது. "இந்த வெயில்ல எதுக்குப்பா ஷூ, சாண்டல் போட்டுக்கோ" என்று புத்திமதி சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஷூவை அவன் காலுக்கு எப்படி இதமாக்குவது என்றுதான் யோசிப்பேன்.

இதை எனக்கு இன்னும் அழுத்தமாக உணர்த்தியது எம்.சி.ஆர். செருப்பு. நீரிழிவுக்காரர்களும் குதிகால் வலிக்காரர்களும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிற இந்த நுண்துளை ரப்பருக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் நெருங்கிய உறவு. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் காரணம் சதை அழுகுவது இல்லை, உணர்ச்சி செத்த காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் என்று கண்டுகொண்டார். அழுத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற செருப்பு வேண்டும் என்று ஆனது. 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் இங்கே வேலூரிலும் அதற்கான வேலைகள் நடந்தன. நான் தொழில் பழகிய மாஸ்டர் அப்படி ஒரு ஆஸ்பத்திரிப் பட்டறையில் கைத்தொழில் கற்றவர். ஆணி கூடாது, உள்பக்கம் முடிச்சு கூடாது, பின்வார் கட்டாயம் என்று அவர் சொல்லிக்கொடுத்த விதிகளை இன்றும் எங்கள் பட்டறையில் மீறுவதில்லை. உணர்ச்சி இல்லாத காலுக்கு ஒரு ஆணி முனை குத்துவது தெரியாது. புண் பெரிதான பிறகே தெரியும்.

நல்ல எம்.சி.ஆர். அட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பாதிக்குப் பாதி அமுங்கி, விட்டதும் எழும்பும். எம்.சி.ஆர். என்று மேலே அச்சடித்து விற்பதில் எல்லாமே அது கிடையாது, ஆகவே அழுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அவ்வளவு அருமையான செருப்பைப் பல நோயாளிகள் போட மறுத்தார்கள். மாஸ்டர் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இறங்கிவிடும். கறுப்புப் பட்டை, கனத்த அடி, ஒரே மாதிரி. தெருவில் அதைப் பார்த்ததும் போட்டிருப்பவருக்கு என்ன வியாதி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். டீக்கடையில் தனிக் கிளாஸ் வரும், பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்துகொள்வார். ஆஸ்பத்திரி வாசல் வரை போட்டு வந்து, திரும்பும்போது பையில் போட்டுக்கொண்டு ஹவாய்ச் செருப்பில் போனவர்கள் உண்டு. கால் போனாலும் போகட்டும், மானம் போக வேண்டாம் என்று நினைத்தார்கள். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? அதன் பிறகுதான் அதே ரப்பரை உள்ளே வைத்து, மேலே கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரணச் சாண்டலைப் போலத் தைக்கத் தொடங்கினார்கள். மாஸ்டர் தன் கையால் ஒரு பெண்ணுக்கு மெரூன் நிறத்தில் பித்தளை பக்கிள் வைத்துத் தைத்துக் கொடுத்தாராம். அந்தம்மா அதைக் கழற்றவே இல்லை, புண்ணும் ஆறியது. அழகு இல்லாததால் பயன்படாமல் போன சுகத்தை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. அழகு சுகத்தின் மேல் பூசுகிற சாயம் என்று நான் நினைக்காததற்கு இதுவே காரணம். போடவைப்பது அழகுதான்.

இன்று சர்க்கரை நோய்க்காரர்கள் வரும்போதும் அப்படித்தான். அறுபது வயது அம்மாக்களுக்குப் பின்வாரும் வெல்க்ரோவும் உள்ள செருப்பைக் காட்டினால், "இது நோயாளிங்க போடறது, கல்யாணத்துக்கு எப்பிடிப் போட்டுக்கினு போவேன்" என்பார்கள். நியாயமான கேள்வி. வெல்க்ரோவை மேல்வாரின் மடிப்புக்குள் மறைத்து, மேலே ஜரிகை நிறத்தில் ஒரு பட்டை ஓட்டிவிடுவோம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வருகிற காம்பை எடுத்துவிட்டு, குறுக்கே இரண்டு அகல வார். உள்ளே ரப்பர் அதேதான். பட்டுப்புடவைக்குக் கீழே அது எவர் கண்ணுக்கும் வைத்தியமாகத் தெரியாது.

இளம்பெண்கள் கேட்கிற குதிச்செருப்பை நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் குதியின் உயரத்தைவிட அதன் அடி எவ்வளவு அகலம் என்று பார்க்கச் சொல்வேன். பென்சில் குதியில் ரெண்டு அங்குலம் நிற்பதும், கட்டைக் குதியில் நிற்பதும் ஒன்றாகாது. முன்பக்கமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் சரிவு குறையும், விரல் நுனிமேல் பாரம் விழாது. வார் எங்கே கடிக்கும் என்பது கண்ணுக்கே தெரியும்: விளிம்பை மடித்துத் தைக்காமல் வெட்டியபடி விட்டிருந்தால் வியர்வையில் ஊறிய தோலை அது கத்தியாக அறுக்கும். வெயில் காலத்துக் கடிக்குப் பாதிக் காரணம் இந்த வெட்டு விளிம்பு. செருப்பைக் கையில் எடுத்து இரண்டு முனையையும் அழுத்தினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் எத்தனை அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

அந்த இன்டர்வியூப் பையனுக்கு வருவோம். அவனுக்கு நான் எடுத்துக் கொடுப்பது உள்துணி இல்லாமல் தோலையே உள்ளும் வைத்துத் தைத்த, முன்பக்கம் வட்டமான ஷூ. கூர் முனை கேட்டால், கூர் விரல் முடிந்த பிறகு தொடங்குகிற கட்டையில் எடுப்பேன். நைலான் சாக்ஸ் தவிர்த்துப் பருத்தி சாக்ஸ். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும்வரை சாண்டல், ஆபீஸ் வாசலில் ஷூ என்று பலர் இப்போது செய்கிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான்.

துணிக்கடைப் பெண்களுக்குத்தான் என் கையில் முழுத் தீர்வு இல்லை. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறார்கள். சீருடைக்கு ஏற்ற கறுப்புச் செருப்பு, விலை முந்நூறுக்குள் என்று வருவார்கள். எவ்வளவு நல்ல அடி போட்டுக் கொடுத்தாலும் பதினோரு மணி நேரம் நிற்கிற கால் வீங்கத்தான் செய்யும். 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்கிறேன். ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அளவெடுக்கிற அந்தப் பத்து நிமிஷமாவது அவர்கள் பெஞ்சில் சாய்ந்து உட்காரட்டும் என்று நான் மெதுவாகவே வேலை பார்ப்பேன்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அசைவு தெரிகிறது. ஜூன் மாதம் வேலூரில் மே மாதத்துக்குச் சளைத்தது இல்லை. கறுப்பு பி.வி.சி. ஷூ, நைலான் சாக்ஸ், அதற்குள் ஏழெட்டு மணி நேரம் வியர்வையில் ஊறுகிற பிஞ்சுக் கால். விரலிடுக்கில் வெள்ளையாகத் தோல் உரிந்த பிள்ளைகளை அம்மாக்கள் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள ஒரு பள்ளியின் தலைமையாசிரியை தன் செருப்புக்கு வார் மாற்ற வந்தபோது இதைச் சொன்னேன். "சாண்டல்னா ஒழுங்கு இருக்காதேண்ணா" என்றார். முன்விரல் மூடி, பக்கங்களில் காற்று போக இடம் விட்டு, பின்வார் வைத்து, கறுப்பில் ஒரு ஜோடி தைத்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். வரிசையில் நின்றால் ஷூவுக்கும் இதற்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐந்தாம் வகுப்பு வரை போட்டுப் பார்க்கலாம் என்றார். இப்போது பட்டறையில் அந்த அளவுகளைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகள் வளருவதற்கு விரல் முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு.